டோரதிக்கு ஏழு டப்பா

மறுபடியும் இருபத்தேழு.

திரையில் வந்த எண்ணை அபயாம்பாள் முறைத்துப் பார்த்தாள். முறைத்தால் பயந்துகொண்டு ஏறிவிடும் என்று நினைத்தவள் போலப் பார்த்தாள். நியூ ஜெர்சியில் முப்பது வருஷமாக இதய மருத்துவராக இருப்பவள் அவள். நர்சுகள், நோயாளிகள், நோயாளிகளின் மாமியார்கள் என்று அவள் முறைப்புக்கு மசியாத ஆள் இதுவரை இல்லை. ஆனால் இது ஒரு சுறாவின் இதயம். அதற்கு டாக்டர் அபயாம்பாள் யாரென்று தெரியாது.

"இன்னொரு தடவை எடுக்கறேன். ஆட்டாம பிடிச்சுக்கச் சொல்லு" என்றாள்.

"அன்ரி, மூண்டு தரம் எடுத்திட்டம்" என்றாள் நிருஜா. கடற்கரையோரம் இருந்த அந்த மீன் காட்சியகத்தின் கால்நடை மருத்துவர் அவள். யாழ்ப்பாணத்தில் பிறந்து பத்து வயதில் இங்கே வந்தவள். "கன நேரம் பிரட்டி வைச்சிருக்கேலாது. இனித் திருப்ப வேணும்."

சிகிச்சைத் தொட்டியில் மல்லாக்கப் படுத்திருந்தது டோரதி. ஒன்பதடி நீளம், நூற்றுப் பத்துக் கிலோ. சுறாவை மல்லாக்கத் திருப்பிவிட்டால் சொக்கிப்போன மாதிரி அசையாமல் கிடக்கும். அந்தச் சில நிமிஷத்துக்குள் வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். வாய்க்குள் ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். மனிதர்களுக்கு ஸ்கேன் எடுக்கும்போது தடவுகிற ஜெல்லி இங்கே வேண்டாம், தண்ணீரே போதும். இதையெல்லாம் ஐம்பத்தெட்டாம் வயதில் அபயாம்பாள் கற்றுக்கொண்டாள். மாயவரத்தில் பிறந்தும் காவிரியில் முழங்காலுக்கு மேல் இறங்காதவள், ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு இடுப்பளவு உப்புத் தண்ணீரில் நின்றாள். உடுப்பு அவளுக்கு இரண்டு சைஸ் சின்னது. அதுவே பாதிக் கோபத்துக்குக் காரணம்.

மீதிக் கோபம் அந்த எண். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் இருக்கும் ரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்பதைக் காட்டுகிற எண் அது. எட்டு வாரத்துக்கு முன்னால் நாற்பத்திரண்டு; அதுவே குறைவு. நான்கு வாரத்தில் முப்பத்தைந்து. இன்றைக்கு இருபத்தேழு. நடுவில் மருந்து தொடங்கியாகிவிட்டது, இரண்டு முறை அளவைக் கூட்டியாகிவிட்டது. அவள் வைத்தியம் பார்க்கப் பார்க்க டோரதி தேய்ந்துகொண்டே வந்தது.

தொட்டிக் கரையில் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்த மெலிசா எண்ணை எழுதினாள். பதினெட்டு வருஷமாக டோரதிக்கு இரை போடுகிறவள் அவள். அவள் அதை நிதானமாக எழுதியதும் அபயாம்பாளுக்கு எரிச்சலாக இருந்தது.

அபயாம்பாளை இதற்குள் இழுத்துவிட்டது நிருஜாதான். ஒரு கல்யாண வரவேற்பில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள், "அன்ரி, நீங்கள் ஹார்ட் டொக்டர்தானே? ஒரு எக்கோ பாத்துச் சொல்லுவீங்களோ?" என்று போனை நீட்டினாள். யாரோ சொந்தக்காரருடையது என்று அபயாம்பாள் வாங்கிப் பார்த்தாள். "இது என்ன இதயம்? ஒரே மேலறை, ஒரே கீழறை. குழந்தையா?" என்று பதறினாள். சுறா என்று தெரிந்ததும் சிரித்தாள். அடுத்த சனிக்கிழமையே பார்க்வே நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் காரோட்டிக்கொண்டு போய் நின்றாள்.

அந்தப் பிராணியை அவளுக்குப் பிடித்துவிட்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வாயெல்லாம் தாறுமாறான பல், முகத்தில் எந்த உணர்ச்சியும் கிடையாது; ஆனாலும் கண்ணாடிச் சுவரை ஒட்டி அது மெல்லத் திரும்பிப் போகும்போது அங்கே நிற்கிற குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். அமெரிக்கக் குழந்தைகளை வாய் மூட வைப்பது அவ்வளவு சுலபமா? இதைக் காப்பாற்றியே தீருவது என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

தொந்தரவு அன்றைக்கே ஆரம்பித்தது. மருந்து எவ்வளவு கொடுப்பது? புத்தகம் கிடையாது. சுறாவின் இதய நோயைப் பற்றி எழுதியவர்களைக் கைவிரல் விட்டு எண்ணலாம்; எழுதியவர்களும் இன்னும் ஆராய வேண்டும் என்று முடித்திருந்தார்கள். கடைசியில் நாய்க்குக் கொடுக்கிற அளவை வைத்து, குளிர் ரத்தத்துக்காக ஒரு கழித்தல் கழித்து, நிருஜாவும் அவளும் ஒரு கணக்குப் போட்டார்கள். தினம் இரண்டு வேளை மாத்திரை.

டோரதி வாரத்துக்கு மூன்று நாள்தான் சாப்பிடும்.

"ஏழு நாளும் ரெண்டு வேளை மருந்து, மூணு நாள் சாப்பாடு. இதை யாராவது யோசிச்சேளா?" என்று அபயாம்பாள் கேட்டபோது, ஏதோ டோரதியும் நிருஜாவும் சேர்ந்து அவளுக்கெதிராகச் சதி செய்த மாதிரிதான் கேட்டாள். பெரிய மீனுக்குப் பதிலாகத் தினம் இரண்டு சின்ன ஹெரிங் மீனாகக் கொடுத்துப் பழக்கினார்கள். மீனின் செவுளைத் தூக்கி, உள்ளே மாத்திரையைத் திணித்து, நீளக் கம்பின் நுனியில் குத்தி டோரதியின் வாயருகே நீட்ட வேண்டும். மெலிசா நீட்டினால் வாங்கிக்கொண்டது. மற்றவர்கள் நீட்டினால் யோசித்தது. இரை போடுகிறவர்கள் மூன்று பேர், மூன்று ஷிஃப்ட். முதல் வாரமே ஐந்து வேளை மருந்து விட்டுப்போயிற்று. ஒருநாள் மாத்திரை வைத்த மீனை வேறொரு சுறா தட்டிக்கொண்டு போய்விட்டது.

அபயாம்பாளுக்குச் சாமி வந்துவிட்டது. "என் பேஷண்ட் எவனாவது ஒரு வாரத்துல அஞ்சு வேளை மாத்திரையை விட்டுட்டு வந்து உக்காந்தான்னா, நான் அவனை வாசல்லயே நிறுத்துவேன்!" என்று நிருஜாவிடம் போனில் கத்தினாள். பிறகு பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

அவள் வீட்டில் எப்படி நடக்கிறதோ அப்படி. மான்மவுத் ஜங்ஷனில் இருக்கிற அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அடுப்புப் பற்றினால் பத்து மணிக்குள் வாரத்துச் சமையல் முடிந்துவிடும். சாம்பார் இரண்டு நாளைக்கு, கூட்டு இரண்டு நாளைக்கு, மிச்ச நாளுக்கு ரசமும் பச்சடியும். எல்லாம் டப்பாவில், டப்பா மேல் நாள் எழுதிய சீட்டு. முப்பது வருஷமாக அப்படித்தான். ஆஸ்பத்திரி வேலையையும் இரண்டு குழந்தைகளையும் அவள் அந்த டப்பாக்களை வைத்துத்தான் சமாளித்தாள். அவள் கணவர் வெங்கடகிருஷ்ணன் ரிடயர் ஆன பிறகும் திங்கட்கிழமை என்றால் திங்கட்கிழமை டப்பாவைத்தான் திறப்பார். செவ்வாய்க்கிழமை டப்பாவைத் திறக்க அவருக்குத் தைரியம் இல்லை.

அதே முறையை டோரதிக்கும் கொண்டுவந்தாள். ஞாயிறு தோறும் வீட்டுச் சமையல் முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு காட்சியகத்துக்குப் போவாள். அங்கே இரை தயாரிக்கிற சமையலறையில் கையுறை மாட்டிக்கொண்டு, பாதி உறைநிலையில் இருக்கும் பதினான்கு ஹெரிங்குகளின் செவுளைத் தூக்கி, தன் கையாலேயே மாத்திரைகளைத் திணிப்பாள். நாளைக்கு இரண்டாக ஏழு டப்பா. டப்பாக்கள் உறைபெட்டிக்குள் போகும். முந்தின நாள் சாயங்காலம் மறுநாள் டப்பாவை எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்தால் காலையில் மீன் இளகியிருக்கும். இரை போடுகிறவர்களுக்கு யோசிக்க ஒன்றுமே கிடையாது. டப்பாவைத் திற, கம்பில் குத்து, நீட்டு, பட்டியலில் கையெழுத்துப் போடு.

பெரிய கட்டம் போட்ட பட்டியல் ஒன்றை வீட்டிலேயே அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சமையலறைச் சுவரில் ஒட்டினாள். அங்கே ஏற்கனவே ஏதோ பழைய தாள் ஒட்டியிருந்தது. அதன் மேலேயே ஒட்டினாள். கண்ணில் படுகிற மாதிரி இடம் அது ஒன்றுதான்.

அந்த வாரத்திலிருந்து ஒரு வேளை கூட விட்டுப்போகவில்லை. ஏழு நாள், பதினான்கு கையெழுத்து. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பூரிப்பில் ஒரு படி மேலே போனாள். ஹெரிங் மாதிரி மீன்களை மட்டும் தின்கிற பிராணிகளுக்கு வைட்டமின் மாத்திரை தனியாகக் கொடுப்பது அங்கே வழக்கம். அதை மெலிசா தொட்டிக் கரையில் நின்றுகொண்டு, நீட்டுவதற்குக் கடைசி நிமிஷத்தில், ஈரக் கட்டை விரலால் ஒரு மீனுக்குள் அழுத்துவாள். மாத்திரை சில சமயம் வழுக்கித் தரையில் விழும், குனிந்து தேடுவாள். பார்க்கவே அபயாம்பாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அதையும் டப்பாவிலேயே வைத்துவிடுகிறேன். எல்லாம் ஒரே மீனுக்குள்" என்றாள் ஆங்கிலத்தில்.

"வைட்டமின் கடைசியில்தான் வைக்க வேண்டும்" என்றாள் மெலிசா.

"ஏன்?"

மெலிசா யோசித்தாள். "நான் சேர்ந்தபோது அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நாங்கள் எப்போதும் அப்படித்தான் செய்வோம்."

"காரணம் தெரியாமல் ஒரு வேலையைச் செய்துகொண்டே இருப்பது எனக்குப் பிடிக்காது" என்றாள் அபயாம்பாள். அன்று நிருஜா ஊரில் இல்லை, ஏதோ மாநாட்டுக்குப் போயிருந்தாள். இந்தச் சின்ன விஷயத்துக்கு அவளைக் கூப்பிட்டுக் கேட்பானேன் என்று விட்டுவிட்டாள். பட்டியலில் வைட்டமினுக்கும் ஒரு கட்டம் சேர்ந்தது. அதில் மெலிசாவின் கையெழுத்து ஒழுங்காக விழுந்தது.

பட்டியல் அப்பழுக்கில்லாமல் இருந்தது. டோரதி மட்டும்தான் தேறவில்லை.

இருபத்தேழு வந்த அன்று மாலையே காட்சியகத்தின் இயக்குநர் கடிதம் அனுப்பினார். டோரதி தரையோடு தரையாக நீந்துகிறது, வயிறு உப்பியிருக்கிறது, மூன்று ஸ்கேனும் இறங்குமுகம். அது படுகிற அவதியை நீட்டிக்க வேண்டுமா என்பதை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டும். நாசூக்கான கடிதம். வெள்ளிக்கிழமை ஊசி போட்டுக் கொன்றுவிடலாம் என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

அபயாம்பாள் தன் பங்குக்கு ஒரு கடிதம் அனுப்பினாள். அதில் நாசூக்கு எதுவும் இல்லை. மருந்து சரி, அளவு சரி, வேளை சரி. இரை போடுகிறவர்களிடம்தான் ஏதோ கோளாறு என்று எழுதினாள். குறிப்பாக ஓர் ஊழியர் ஆரம்பத்திலிருந்தே புதிய முறைக்கு ஒத்துழைக்கவில்லை என்றும், கையெழுத்துப் போட்டுவிட்டு மீனைத் தொட்டியில் விட்டுவிடுகிறாரோ என்று சந்தேகமாக இருக்கிறது என்றும் எழுதினாள். அனுப்பு என்கிற பொத்தானை அழுத்தின பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. மூன்று நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி தன் ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னபோது, "உங்களுக்கு மட்டும் எப்படிக் குறைகிறது?" என்று கேட்டுவிட்டாள். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்.

புதன்கிழமை வந்தது. ஜூன் மாதம், சாயங்காலம் ஏழு மணிக்கும் சாப்பாட்டு மேசையில் வெயில் அடித்தது. வெங்கடகிருஷ்ணன் புதன்கிழமை டப்பாவைத் திறந்து, பச்சடியை ஒரு கரண்டி போட்டுக்கொண்டு, வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்தார்.

"அபயம், கோச்சுக்காதே. இது கசக்கறது."

"என்ன கசக்கறது? ஞாயித்துக்கிழமை பண்ணது. தயிர் புதுசு."

"நீயே வாயில போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தாள். விஷமாகக் கசந்தது. அன்னாசிப்பழப் பச்சடி. ஞாயிற்றுக்கிழமை டோரதிக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில் அன்னாசியை வதக்காமல் பச்சையாகவே நறுக்கித் தயிரில் போட்டுவிட்டாள்.

"பச்சைப் பழத்தைப் போட்டுட்டேன். அதுல ஒரு என்சைம் இருக்கு, அது தயிரைத் தின்னுடும். உடனே சாப்ட்டா ஒண்ணும் தெரியாது. வெச்சிருந்தா உள்ளுக்குள்ளயே உக்காந்து..."

சொல்லிக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கையில் கரண்டி இருந்தது.

"என்னாச்சு?" என்றார் வெங்கடகிருஷ்ணன்.

அபயாம்பாளுக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் மூன்றாம் வருஷ வகுப்பு ஒன்று நினைவுக்கு வந்தது. பெரிபெரி. தீட்டின பச்சரிசி தின்கிறவர்களுக்கு வரும். புழுங்கலரிசி தின்கிறவர்களுக்கு அவ்வளவாக வராது. காரணம் தயமின் என்கிற பி-ஒன் வைட்டமின் குறைவு. பத்து மதிப்பெண் கேள்வி. இதயம் வீங்கும், தளரும், உடம்பில் நீர் கோக்கும். எந்த இதய மருந்துக்கும் மசியாது. வைட்டமினைக் கொடுத்தால் சில நாளில் எழுந்து உட்காரும். அமெரிக்காவில் முப்பது வருஷத்தில், குடியில் மூழ்கினவர்கள் ஒன்றிரண்டு பேரிடம்தான் அதைப் பார்த்திருக்கிறாள். கேள்வியின் கடைசிப் பகுதியில் ஒரு வரி வரும், யாரும் அதை மனப்பாடம் செய்ய மாட்டார்கள்: சில பச்சை மீன்களில் இந்த வைட்டமினை அழிக்கிற என்சைம் உண்டு.

போனை எடுத்து நிருஜாவைக் கூப்பிட்டாள். முகமன் ஒன்றும் இல்லை.

"நிருஜா, ஹெரிங்ல தயமினை அழிக்கற என்சைம் இருக்கா?"

"ஓம் அன்ரி, இருக்கு. அதுக்குத்தானே நாங்கள் வைற்றமின் குடுக்கிறது."

"வைட்டமினை மீனுக்குள்ள வெச்சு, ஃப்ரீசர்ல வெச்சு, மறுபடியும் இளக வெச்சா?"

"ஆர் அப்பிடிச் செய்வினம்? மீனே அதைத் திண்டு போடும். அதுக்குத்தான் மெலிசா கடைசி நேரத்தில வைக்கிறவ..." நிருஜாவின் குரல் பாதியில் நின்றது. "அன்ரி. அந்த டப்பாக்குள்ள ஹார்ட் மருந்து மட்டும்தானே வைச்சனீங்கள்?"

அபயாம்பாள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ரெண்டையும்தான் வெச்சேன். ஆறு வாரமா."

"என்னட்ட ஏன் கேக்கேல்ல?" என்றாள் நிருஜா. கோபமாகக்கூடக் கேட்கவில்லை, அழுகை வருகிற மாதிரிக் கேட்டாள். அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு அபயாம்பாள் காலையிலேயே போய்ச் சேர்ந்தாள். சமையலறையில் யாரும் இல்லை. சுவரில் அவளுடைய பட்டியல் பளபளவென்று இருந்தது. வாரம் தவறாமல் அத்தனை கட்டத்திலும் கையெழுத்து. ஒரு மூலையில் நகத்தை நுழைத்து உரித்தாள். நாலு பக்கமும் நன்றாக ஒட்டியிருந்தாள். வர மாட்டேன் என்றது. பிய்த்து எடுத்ததும் அடியில் அந்தப் பழைய தாள் வந்தது. ஓரம் பழுத்து, மீன் எண்ணெய் பட்டு, ஆங்கிலத்தில் பெரிய எழுத்து:

"வைட்டமின் கடைசியில். கொடுப்பதற்கு முன்னால்தான் வைக்கவும். இல்லையென்றால் மீனே அதை அழித்துவிடும்."

காரணமும் எழுதியிருந்தது. மெலிசாவுக்கு நினைவில்லாத காரணம், அபயாம்பாள் ஏன் என்று கேட்ட காரணம், கேட்டபோதே அவளுடைய பட்டியலுக்கு அடியில்தான் இருந்தது. அபயாம்பாளுக்கு அந்தச் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. யாரையாவது திட்ட வேண்டும் போல இருந்தது. அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஆறு பேர் இருந்தார்கள். இயக்குநர் ஆரம்பிக்கும்போதே அபயாம்பாளின் கடிதத்தை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"டாக்டர் எழுதியிருப்பதை நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது" என்றார். "மருந்து கொடுத்ததாகக் கையெழுத்து இருக்கிறது. ஆனால் பலன் இல்லை. மெலிசா, இதற்கு நீ என்ன சொல்கிறாய்?"

மெலிசா கடைசி நாற்காலியில் ரப்பர் பூட்சோடு உட்கார்ந்திருந்தாள். "நான் கொடுத்தேன்" என்றாள். "ஒவ்வொரு மீனும் அதன் வாய்க்குள் போவதைப் பார்த்தேன்." முகம் சிவந்துவிட்டது.

அபயாம்பாள் முந்தின நாள் ராத்திரி முழுவதும் ஒரு பேச்சைத் தயார் செய்திருந்தாள். "இந்த முறையில் ஏற்பட்ட எதிர்பாராத விளைவு" என்று அது தொடங்கும். நல்ல ஆங்கிலம். யார் மேலும் குற்றம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிற ஆங்கிலம். மெலிசாவின் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டாள்.

"அவள் கொடுத்தாள்" என்றாள். "அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. கொடுத்ததில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். அதற்குக் காரணம் நான்."

டப்பாக்களைப் பற்றிச் சொன்னாள். ஆறு வாரமாகத் தன் கையாலேயே எண்பத்து நான்கு மீனுக்குள் வைட்டமினை வைத்து, அதை மீனே தின்றுவிட வழி செய்ததைச் சொன்னாள். மெலிசா தடுத்ததைச் சொன்னாள். அந்தத் தாள் மேல் தன் பட்டியலை ஒட்டினதையும் சொன்னாள். முப்பது வருஷத்தில் இந்த மாதிரி ஒரு வாக்கியத்தை அவள் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. அந்தக் கடிதத்தைக் கையை நீட்டி எடுத்து இரண்டாகக் கிழித்தாள். மின்னஞ்சலை அச்சடித்த தாளைக் கிழித்து என்ன பயன் என்று தெரியும். இருந்தாலும் கிழித்தாள்.

"இதுதான் காரணம் என்று நிச்சயமாகத் தெரியுமா?" என்றார் இயக்குநர்.

"தெரியாது. ரத்தம் அனுப்பியிருக்கிறோம், முடிவு வரப் பத்து நாள் ஆகும். ஆனால் வைட்டமின் ஊசி போட ஒரு நிமிஷம் போதும். நீங்கள் இன்றைக்குப் போட நினைத்த ஊசிக்கும் அதே ஒரு நிமிஷம்தான். எனக்கு இரண்டு வாரம் கொடுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் சொல்கிறபடி கேட்கிறேன். கேட்டுப் பழக்கமில்லை, ஆனாலும் கேட்கிறேன்."

இரண்டு வாரம் கிடைத்தது.

ஊசியை நிருஜா போட்டாள். மறுநாளிலிருந்து மெலிசா பழையபடி தொட்டிக் கரையில் நின்று, ஈரக் கட்டை விரலால் வைட்டமினை அழுத்தி மீனை நீட்டினாள். இதய மாத்திரை மட்டும் டப்பாவில் தொடர்ந்தது. அந்த அளவுக்கு அந்த முறை நல்ல முறைதான் என்று மெலிசாவே சொன்னாளாம். அபயாம்பாளுக்கு அந்த நியாயமும் பொறுக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. மெலிசா திட்டுகிற ஜாதி இல்லை.

நான்காம் நாள் டோரதி தரையை விட்டு எழும்பியது. எட்டாம் நாள் கண்ணாடிச் சுவரோரம் ஒரு முழுச் சுற்று வந்தது. ரத்த முடிவில் தயமின் அளவு அடிமட்டம் என்று வந்தது. அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் அபயாம்பாள் வாரத்துச் சமையல் செய்யவில்லை. வெங்கடகிருஷ்ணன் ஓக் ட்ரீ ரோட்டில் இட்லி வாங்கி வந்து, ஏன் என்று கேட்காமல் சாப்பிட்டார்.

இரண்டு வாரம் முடிந்த வெள்ளிக்கிழமை, அதே சின்ன சைஸ் ரப்பர் உடுப்பில் அவள் மறுபடி தண்ணீரில் இறங்கினாள். டோரதியை மல்லாக்கத் திருப்பினார்கள். கருவியை மார்பில் வைத்தாள். இதயம் துடிப்பது திரையில் தெரிந்தது; போன தடவை களைத்துப்போய் அசைந்த சுவர், இப்போது அழுத்தமாக மூடித் திறந்தது. மூன்று முறை அளந்தாள். நாற்பத்தொன்று. நாற்பத்து மூன்று. நாற்பத்திரண்டு.

"அன்ரி! நாப்பத்திரண்டு!" என்று நிருஜா தண்ணீருக்குள்ளேயே அவளைக் கட்டிக்கொண்டாள். கரையில் மெலிசா குறிப்புத் தாளை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். டோரதியைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கத்தினார்கள். இயக்குநர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

அபயாம்பாள் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நிருஜா, நான் முதல் முதல்ல வந்த அன்னிக்கு என்ன இருந்தது?"

நிருஜாவின் சிரிப்பு மெல்ல இறங்கியது.

"நாப்பத்திரண்டு, அன்ரி."

பத்து வாரத்துக்கும் மேல். பார்க்வேயில் எத்தனையோ சனி, ஞாயிறு. எண்பத்து நான்கு மீன், அத்தனை கத்தல், அத்தனை கடிதம். இத்தனையும் சேர்த்து டோரதியை அவள் காப்பாற்றியது தன்னிடமிருந்துதான். அது என்ன நோயோடு அவளிடம் வந்ததோ அந்த நோய் அப்படியே இருக்கிறது. அதன் பக்கத்தில்கூட அவள் இன்னும் போகவில்லை.

டோரதியைத் திருப்பிவிட்டார்கள். இரண்டு கணம் தடுமாறி, வாலை ஒரு வீசு வீசிக்கொண்டு அது தொட்டியின் அந்தக் கோடிக்குப் போயிற்று. அபயாம்பாள் கரைக்கு வந்து, ஈரக் கையைத் துடைக்காமலே மெலிசாவிடம் நீட்டினாள். மெலிசா குறிப்புத் தாளைக் கொடுத்தாள். அதில் 'நான்காவது ஸ்கேன்' என்று எழுதியிருந்தது. அபயாம்பாள் பேனாவை வாங்கி அதை அடித்தாள். தேதியைப் போட்டு, 'முதல் ஸ்கேன்' என்று எழுதி, மெலிசாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.